கால் சுருதி

மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனியை
வாடகைக்குக் கேட்டு யாரும் வந்ததில்லை.
ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளைக்காரி வந்தாள்.
ஹெஸ்டர். சொந்த ஊர் கிரிம்ஸ்பி,
அதுவும் மீன் நாறுகிற ஊர்தானாம்.
உள்ளே வந்து ஒரே ஒரு முறை கைதட்டினாள்.
தட்டிய சத்தம் தகரக் கூரைவரை போய்
வற்றிய தொட்டிக்குள் இறங்கி
நிதானமாகத் திரும்பி வந்தது.
இது போதும் என்றாள்.
முதலாளி சீனி நைனா என்னைப் பார்த்தார்:
"களஞ்சியம், கைதட்டுறதுக்கா நாப்பதாயிரம்?"

கூட வந்த பிரணவ் சென்னைப் பையன்.
வந்த அன்றே தயிர்சாதம் தேடி
மண்டபம் முழுக்க நடந்தவன்.
ஐஸ் கேன்களின் வாயில் மைக்கைக் கட்டினான்.
கக்கூசில் ஒன்று.
தொட்டியின் அடியில் ஒன்று, கோணி சுற்றி.
பகலில் கச்சான் காற்று தகரத்தைப் பிய்க்கும்,
அதனால் பாட்டெல்லாம்
பாம்பனுக்குக் கடைசி ரயில் போன பிறகு.
நாய்களுக்கு நான் பொறுப்பு.
தெருமுனையில் பிஸ்கட்டை உடைத்து உடைத்துப் போட்டு
பாட்டு முடியும்வரை
அவற்றைப் பேச்சில் வைத்திருப்பேன்.

ஒரே வரியை முப்பது தடவை பாடினாள்.
எனக்கு இருபத்தொன்பதாவது பிடித்திருந்தது.
யாரும் கேட்கவில்லை.
என்ன பாட்டு தம்பி என்றேன்.
"அப்பாகூட பேசாம இருந்த ஆறு வருஷம்ணே."
ஆறு வருஷத்துக்கு மூணு நிமிஷம்தானா?
இதை அவன் அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை.

எட்டு முடிந்தது. ஒன்பதாவது படியவே இல்லை.
அதற்குள் ஜூன் பதினொன்று.
மூன்று நாளில் படகு இறங்கும்,
ஐஸ் உறைய ஒன்றரை நாள் வேண்டும்.
இன்னிக்கு ராத்திரி மோட்டார் போட்டே ஆகணும்
என்றார் முதலாளி.
அவள் மல்லுக்கு நிற்கவில்லை.

சுவிட்சைத் தூக்கினேன்.
கம்ப்ரசர் இருமி, உறுமி, ஒரு நிலைக்கு வந்தது.
அம்மோனியா கண்ணைக் கரித்தது.
அவள் மோட்டார் பக்கத்தில் சம்மணம் போட்டு
கிதாரின் ஆணிகளைத் திருகினாள்,
ஆறு கம்பியும் கம்ப்ரசருக்கு ஒத்து வரும்வரை.
பிறகு பாடினாள்.
நடுவில், பாட்டை விடாமலே,
மோட்டாரைச் சுட்டிக்காட்டி
கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தாள்.
அணைக்கச் சொல்கிறாள் என்று நினைத்து
முடியாது என்று தலையாட்டினேன்.
சிரித்தது குரலில் தெரியாமல் சிரித்தாள்.
அந்தப் பாட்டு ஒரே தடவைதான்.

தை பிறந்த பிறகு எல்லாம் போனில் வந்தது.
ஐஸ் நொறுக்கும் மேடையில் நாலு பேர் நின்றோம்.
முதல் எட்டையும் தள்ளச் சொல்லிவிட்டார்கள்.
ஒன்பதாவதில் ஃபிட்டர் சந்தியாகு கையைத் தூக்கினான்.
"நிறுத்து. பின்னாடி போ."

இரண்டாம் நிமிடம்.
பெல்ட் வழுக்குகிறது.
கம்ப்ரசர் கால் சுருதி இறங்குகிறது.
ஒரு மூச்சு கழித்து அவள் குரலும் இறங்குகிறது,
ஆடுகிற படகிலிருந்து
ஆடுகிற படகுக்குக் கால் மாற்றுவதுபோல.
பக்கத்திலேயே நின்றேன். எனக்குக் கேட்கவில்லை.

அந்த பெல்ட் ஆகஸ்டில் அறுந்தது.
நாற்பது கேன் உறையாமல் போய்
ஒரு வாரச் சம்பளம் எனக்குப் பிடித்தம்.

"அந்தம்மா நம்மகிட்ட வேலைக்கு வருமான்னு கேளு"
என்றான் சந்தியாகு.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான். முப்பது பார் பாக்கி.
போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன், பாட்டு ஓட ஓட.

கடைசி ரயில் போனதும் இப்போதும்
நாய்கள் மூன்றும் வந்து கேட்டில் நிற்கின்றன.
சத்தமே போடுவதில்லை.